ஆல்கஹால் இங்க்கில் கொலுத் தோரணம், கிறிஸ்துமஸ் உருண்டைகள்: சென்னை வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆல்கஹால் இங்க் என்பது ஆல்கஹாலில் சாயம் கரைத்த மை. வழவழப்பான, எதையும் உறிஞ்சாத பரப்பில்தான் அது வேலை செய்யும். டைல்ஸ், கண்ணாடி, பிளாஸ்டிக் தாள், உலோகத் தகடு எல்லாம் அதற்குச் சரி. சாதாரண காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் உறிஞ்சப்பட்டு வெறும் கறையாக நின்றுவிடும். அதே சொட்டு வெள்ளை டைல்ஸில் விழுந்தால் வட்டமாகப் பரவி, ஓரத்தில் அடர்ந்த கோடு கட்டி, சற்று நேரத்தில் உலர்ந்துவிடும். உலர்ந்த பிறகும் அதன்மேல் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் மறுபடி கரைந்து ஓடும். இந்தக் கைவேலையின் எல்லா வித்தையும், எல்லாச் சொதப்பலும் இந்த ஒரு குணத்திலிருந்துதான் வருகின்றன.

இதற்கு வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் இந்த மையில் பிள்ளையாரையோ குடிலையோ வரைய முயலாமல் இருப்பதே நல்லது. ஓடுகிற மை உருவத்துக்குக் கட்டுப்படாது. தீம் என்பது நிறத்திலும், கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டும் வடிவத்திலும் இருக்கட்டும். மயில்கழுத்து நீலமும் பச்சையும் கொஞ்சம் தங்கமும் சேர்ந்தால் கொலு வந்துவிடும். வெள்ளை நிறைய விட்டு, அடர்பச்சையும் தங்கமும் இழையோடினால் டிசம்பர் வந்துவிடும். மீதியை வடிவம் பார்த்துக்கொள்ளும்.

என்ன வாங்குவது, எங்கே வாங்குவது

மை: ரேஞ்சர் நிறுவனத்தின் டிம் ஹோல்ட்ஸ் வரிசை, ஜாக்குவார்டின் பினாட்டா இரண்டும் உலகம் முழுக்கப் பழக்கமானவை. இங்கே ஆன்லைனில் கிடைக்கும் விலை குறைந்த மைகளும் பழகுவதற்குப் போதும். இருபது நிறம் உள்ள பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு மஞ்சள், ஒரு மயில்நீலம், ஒரு அடர் இளஞ்சிவப்பு, அதோடு ஒரு தங்கம் இருந்தால் இந்த வழிகாட்டியில் உள்ள அத்தனையும் செய்துவிடலாம். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. மஞ்சளும் இளஞ்சிவப்பும் சேர்ந்தால் குங்குமத்துக்கு நெருங்கிய சிவப்பு. மற்ற நிறங்கள் சாயம். தங்கம் மட்டும் உலோகத்தூள் கலந்தது. தூள் அடியில் தங்கிவிடுவதால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிய பிறகே விட வேண்டும்.

ஆல்கஹால்: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். செல்போன் பழுதுபார்ப்பவர்கள் போர்டு துடைக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் ரிச்சி தெருப் பக்கம் போனால் 'ஐபிஏ' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசரைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். அதில் தண்ணீர் கால்பங்குக்கு மேல் இருக்கலாம், கிளிசரினும் இருக்கும். மை திட்டுத்திட்டாகப் பிரியும், பிசுபிசுப்பு போகாது.

தாள்: யூப்போ என்ற பிளாஸ்டிக் தாள்தான் இதற்கு மிகவும் பொருத்தம். பாலிப்புரோப்பிலீனில் செய்தது, கிழியாது, வெண்மை தூக்கலாக இருக்கும். ஆனால் பழகும்போதே அதில் காசைக் கொட்ட வேண்டாம். ஒரு வெள்ளை ஏ4 தாளைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பளபளப்பு லேமினேஷன் போட்டு வாங்கி வந்தால் பயிற்சிக்குத் தாராளம். நான் பார்த்த வரையில் தோரணத்துக்குக்கூட அதுவே போதும். ஒளி ஊடுருவ வேண்டிய வேலைகளுக்கு ஓஹெச்பி ஷீட் என்ற நிறமில்லாத பிளாஸ்டிக் தாள். தாள் வகைகளுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு; சரிகைக் கயிறு, மணி, குஞ்சம் எல்லாவற்றுக்கும் ரத்தன் பஜார். இரண்டும் நடக்கும் தூரம்தான், ஒரே நடையில் முடித்துவிடலாம். டைல்ஸைக் காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை. வீடு கட்டும் இடத்தில் மிச்சமான வெள்ளைச் சுவர் டைல்ஸைக் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள்.

இவை போக நைட்ரைல் கையுறை, மெல்லிய பிரஷ், டிஷ்யூ, காற்றடிக்க ஏதாவது ஒன்று. கேமரா லென்ஸ் தூசியை ஊதப் பயன்படும், அழுத்தினால் காற்றடிக்கும் ரப்பர் பலூனுக்குத்தான் என் ஓட்டு. ஹேர் டிரையர் வேகம் அதிகம். ஸ்ட்ராவில் ஊதினால் எச்சில் துளி விழும், அதைவிட முக்கியமாக மூச்சை இழுக்கும்போது ஆவியும் உள்ளே போகும்.

முதலில் காற்றைக் கவனியுங்கள்

நம் ஊரில் இந்த வேலைக்கு முதல் எதிரி மின்விசிறி. விசிறி ஓடினால் மை பரவுவதற்குள் உலர்ந்து, சொட்டுச் சொட்டாகத் தழும்பு கட்டும். விசிறியை நிறுத்தினால் நமக்கு வியர்த்துக் கொட்டும், ஆவியும் அறையில் தேங்கும். இரண்டுக்கும் நடுவழி உண்டு. ஜன்னலைத் திறந்து, அதன் பக்கத்தில் மேசையைப் போட்டு, விசிறியைப் பக்கத்து அறையில் ஓடவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். காற்று நகரும், ஆனால் தாளின்மேல் நேராக அடிக்காது. காலை பத்து மணிக்குள் உட்கார்ந்தால் உடம்புக்கும் நல்லது.

தரையில் பாய் போட்டு உட்கார்ந்து செய்யலாம் என்று தோன்றும். வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குனிந்து வேலை செய்பவரின் மூக்கு அங்கேதான் இருக்கும். தீயும் அதே கதைதான். இந்தத் திரவம் நம் சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கத் தயாராக இருப்பது. பூஜை அறை விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், கேஸ் அடுப்பு எதுவும் அந்த அறையில் எரியக்கூடாது. மையைப் பற்றவைத்து டிசைன் எடுக்கும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. பார்த்து ரசித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள், வீட்டில் செய்யாதீர்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது.

மேசைமேல் செய்தித்தாள் மட்டும் விரித்தால் போதாது, மை ஊறி இறங்கும். அடியில் பிளாஸ்டிக் ஷீட், மேலே செய்தித்தாள். மார்பிள் தரையில் சொட்டிவிட்டால் கறை லேசில் போகாது.

கை பழக்கும் பாடம்

லேமினேட் செய்த தாளை நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஐபிஏ நனைத்த டிஷ்யூவால் துடைத்துவிடுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் மை ஒட்டாமல் விலகும்.

1. தாளின் நடுவில் ஐபிஏவை ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு விடுங்கள். நேராகப் பாட்டிலிலிருந்து ஊற்றாமல் சின்ன டிராப்பரால் விடுவது நல்லது.

2. அந்த ஈரத்தின் நடுவே ஒரே ஒரு சொட்டு மை. ஒன்று போதும். இரண்டு விடலாமே என்று கை பரபரக்கும், விடாதீர்கள்.

3. ரப்பர் பலூனைத் தாளுக்குச் சாய்வாக, ஒரு விரல்கடை தூரத்தில் பிடித்து மெல்ல அழுத்துங்கள். மை காற்றின் திசையில் விரிந்து போகும். அப்படியே ஓடவிட்டால் விளிம்பு நீண்டு மறைந்துவிடும். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய காற்றுக் கொடுத்தால் விளிம்பு மடிந்து திரும்பும். இப்படிச் சுற்றிச் சுற்றித் தள்ளித் தள்ளி எடுப்பதுதான் படங்களில் பார்க்கும் அந்தப் பட்டு மடிப்பு.

4. ஓரத்தில் கோடு கட்ட ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். திரவம் ஓரத்தில் சீக்கிரம் ஆவியாகிறது, அதை ஈடுகட்ட உள்ளிருந்து ஓடிவரும் மை சாயத்தையும் சுமந்து வந்து ஓரத்தில் இறக்குகிறது. அந்தக் கோடுதான் அழகு. அதன்மேல் இன்னும் காற்றடித்தால் கலைந்துவிடும்.

5. முழுதாக உலர்ந்த பிறகுதான் அடுத்த நிறம். ஈரத்தில் நீலமும் பச்சையும் சேர்ந்தால் பிரச்சினை இல்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் சேறு. கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்கிறவர்கள் பாதிப்பேர் விழும் குழி இதுதான். இரண்டும் வேண்டுமென்றால் நடுவில் வெள்ளை இடம் விடுங்கள், அல்லது தங்கத்தால் எல்லை கட்டுங்கள்.

வெள்ளை என்றால் மை படாமல் விட்ட தாள்தான். கடையில் விற்கும் வெள்ளை மையை நம்பி இறங்கினால் பக்கத்து நிறத்தோடு கலந்து வெளிறிப்போகும். பிடிக்கவில்லையா, ஐபிஏ தொட்ட டிஷ்யூவால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். அதனால் பயிற்சித் தாள் தீரவே தீராது.

மாவிலைத் தோரணம்

நவராத்திரிக்கு மயிலாப்பூர் மாடவீதியில் பொம்மை வாங்கிவந்து படி கட்டிய பிறகு, படிக்கு மேலே தொங்க ஒன்று வேண்டும். பிளாஸ்டிக் மாவிலை எங்கும் கிடைக்கிறது. எல்லாம் ஒரே பச்சை. நிஜ மாவிலைக் கொத்தை உற்றுப் பாருங்கள். முற்றிய இலை கரும்பச்சை, நடுத்தரம் மஞ்சள் பச்சை, கொழுந்து செம்புநிறம். ஆல்கஹால் மையில் இந்த மூன்றையும் கொண்டு வரலாம். அதனால்தான் இந்தத் தோரணத்தைச் சிபாரிசு செய்கிறேன்.

மூன்று அடி வாசலுக்குப் பதினோரு இலை சரியாக வரும், மூன்று அங்குலத்துக்கு ஒன்று. இலை ஆறு அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம். ஒரு ஏ4 தாளில் குறுக்காக வைத்தால் ஐந்தாறு இலை எடுக்கலாம், ஆக இரண்டு தாள் போதும். கொழுந்துக்குத் தனியாக அரைத் தாள்.

முதலில் வெட்டாதீர்கள். முழுத் தாளுக்கும் நிறம் கொடுத்துவிட்டுக் கடைசியில் வெட்டினால்தான் ஓரம்வரை மை ஓடியிருக்கும். தாளில் மஞ்சளை அங்கங்கே ஏழெட்டுச் சொட்டு விட்டு, ஐபிஏ தெளித்து, தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பரவவிடுங்கள். இது உலர்ந்ததும் நீலம், மஞ்சளில் பாதி அளவுதான். நன்றாகப் பட்ட இடமெல்லாம் பச்சையாகும், லேசாகப் பட்ட இடம் மஞ்சள் பச்சையாக நிற்கும். சீராகப் பூச வேண்டும் என்று நினைக்கவே வேண்டாம். திட்டுத்திட்டாக இருந்தால்தான் இலை. கொழுந்துத் தாளுக்கு மஞ்சளும் இளஞ்சிவப்பும், ஓரத்தில் நீலம் ஒரு பொட்டு. அந்த ஒரு பொட்டுதான் சிவப்பைச் செம்பாக்கும்.

காய்ந்ததும் அட்டையில் வெட்டிய இலை அச்சை வைத்துப் பின்பக்கம் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கமும் தெரியும் என்றால் அதற்கும் இதேபோல் ஒரு கை மை கொடுத்துவிடலாம்.

இனி நரம்பு. மெல்லிய பிரஷை ஐபிஏவில் தோய்த்து, டிஷ்யூவில் ஒற்றி, ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு எடுங்கள். காம்பிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. பிரஷ் போன பாதையில் பச்சை இரண்டாகப் பிளந்து விலகும். நடுவில் வெளிறிய கோடு, அதன் இருகரையிலும் மயிரிழை அளவுக்கு அடர்ந்த விளிம்பு. மையைப் பூசி இப்படி ஒரு நரம்பை வரைய முடியாது, மையை எடுத்தால்தான் வரும். பக்க நரம்புகளுக்குப் பிரஷ் இன்னும் உலர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் பிறகு டிஷ்யூவில் துடையுங்கள். இல்லாவிட்டால் எடுத்த சாயத்தையே அடுத்த கோட்டில் திரும்ப வைப்பீர்கள். ஈரம் கூடிவிட்டால் நரம்பு ஆறாகிவிடும், அப்போது அந்த இலையை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி மை விடுங்கள்.

தங்கம் கடைசி. ஒரு சொட்டுத் தங்கத்தில் மூன்று சொட்டு ஐபிஏ கலந்து, பிரஷ் நுனியால் இலையின் விளிம்பில் மட்டும் அங்கங்கே தொட்டுவிடுங்கள். இலை முழுக்கத் தங்கம் பூசினால் கடை அலங்காரம் மாதிரி ஆகிவிடும். நடுநரம்பில் லேசாக மடித்தால் இலைக்கு உடம்பு வரும். காம்பில் துளையிட்டுச் சரிகைக் கயிற்றில் கோத்து, இரண்டு இலைக்கு நடுவில் ஒரு மணி.

கிறிஸ்துமஸ் உருண்டைகள்

மூடி கழற்றக்கூடிய, நிறமில்லாத கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் உருண்டை வேண்டும். மை உள்பக்கம் போகிறது. கை படாது, உரசாது, மேல்பூச்சும் தேவையில்லை. முதல்முறை செய்கிறவர்களுக்கு இதைவிட மனநிறைவு தரும் வேலை இல்லை.

மூடியைக் கம்பியோடு கழற்றி வையுங்கள். உள்ளே ஐபிஏ நான்கைந்து சொட்டு விட்டுச் சுழற்றி, டிஷ்யூமேல் கவிழ்த்து வடியவிடுங்கள், உள்தூசி போகும். பிறகு இரண்டு சொட்டு நிறம், இரண்டு சொட்டு ஐபிஏ. உருண்டையை மெதுவாகச் சாய்த்துச் சுற்றும்போதே வாய் வழியே பலூனால் காற்றடியுங்கள். மை சுவரில் ஏறி, இறங்கி, கோடு கோடாக நிற்கும். பாதிக் கண்ணாடி காலியாகவே இருக்கட்டும், விளக்கொளி உள்ளே போக வழி வேண்டுமே. மிச்ச மையைச் சிறு கிண்ணத்தின் மேல் கவிழ்த்து வடித்துவிட்டு, உலர்ந்ததும் இரண்டாவது நிறம். தங்கம் எப்போதும் போலக் கடைசியில், ஒரே சொட்டு; அதை மட்டும் ஐபிஏ சேர்க்காமல் விட்டு ஓடவிட்டால் மெல்லிய தங்க நதி கிடைக்கும்.

அதன்பின் பொறுமை. மூடியைப் போடாமல் ஒரு முழுநாள் திறந்து வையுங்கள். அவசரமாக மூடினால் உள்ளே சிக்கும் ஆவி மையை இளக்கி அடியில் குளம் கட்ட வைக்கும். எத்தனை அழகாக வந்திருந்தாலும் மறுநாள் காலையில் எல்லா நிறமும் ஒன்றாகி அடியில் கிடக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓஹெச்பி ஷீட்டில் மை விட்டு, நட்சத்திர அட்டையின் ஜன்னல்களுக்குப் பின்னால் ஒட்டி, உள்ளே எல்இடி சரம் விட்டால் வாசலில் தொங்கும் ஸ்டாருக்கு வேறு முகம் வரும். உள்ளே குண்டு பல்பு போடக்கூடாது, ஷீட் சுருங்கும். சின்ன வெள்ளை டைல்ஸில் மயில்நிறம் கொடுத்துப் பின்னால் கொக்கி ஒட்டினால் சுவர் அலங்காரம், வெற்றிலைப் பாக்கோடு கொடுக்கவும் ஆகும். லேசரில் வெட்டிய அக்ரிலிக் சங்கு, தாமரை வடிவங்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. அவற்றின் வெட்டு ஓரத்தில் ஐபிஏ பட்டால் நுண்ணிய விரிசல் ஓடும், ஆகவே மையை நடுவில் மட்டும் வைத்து ஓரத்துக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரப்பலகை, எம்டிஎஃப் எனும் மரத்தூள் பலகை, மண்பொம்மை எல்லாம் மையைக் குடித்துவிடும், விட்டுவிடுங்கள். கார்த்திகை அகல்விளக்கிலும் இந்த மை வேண்டாம், தீயும் எண்ணெயும் இருக்கும் இடம்.

மேல்பூச்சும் வடகிழக்குப் பருவமழையும்

உருண்டை நீங்கலாக மற்ற எல்லாவற்றுக்கும் மேல்பூச்சு வேண்டும். இல்லையென்றால் கையில் சானிடைசர் தடவியவர் ஒருவர் தொட்டுப் பார்த்தாலே இலையில் அவர் ரேகை விழுந்துவிடும். பிரஷால் பூசும் வார்னிஷ் கூடாது, இழுத்துக் கலக்கிவிடும். அக்ரிலிக் ஸ்ப்ரேதான். புறஊதாக் கதிரைத் தடுக்கும் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள், ஏனென்றால் சாயம் வெயிலில் வெளுக்கும்.

மை காய்ந்து ஒருநாள் கழித்து மொட்டைமாடிக்குப் போங்கள். ஒரு அடி தூரத்தில் பிடித்து, முதல் பூச்சைப் பட்டும் படாமலும் அடியுங்கள். ஸ்ப்ரேயிலும் கரைப்பான் உண்டு, ஈரமாக அடித்தால் மை நகரும். இருபது நிமிடம் விட்டு இரண்டாவது, அதன்பின் மூன்றாவது. ஸ்ப்ரே ஆவிக்குச் சாதாரண துணி முகக்கவசமோ என்95ஓ உதவாது; காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்றுகொள்ளுங்கள்.

எந்த நாளில் அடிக்கிறோம் என்பதும் முக்கியம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால் கலந்தாற்போல வெளுத்துவிடும். நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை, கிட்டத்தட்ட அலங்காரக் காலம் முழுக்க. அதனால் நவராத்திரிக்கானதை மட்டுமல்ல, கிறிஸ்துமஸுக்கு ஸ்ப்ரே தேவைப்படும் எல்லாவற்றையும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே, வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளின் முற்பகலில் முடித்துவிடுங்கள். உருண்டைகளை மட்டும் டிசம்பருக்கு விட்டு வைக்கலாம்.

டைல்ஸுக்குக் கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமானால் ஸ்ப்ரேக்கு மேலே ரெசின் ஊற்றலாம். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசின் அது. ஸ்ப்ரே இல்லாமல் நேராக ஊற்றினால் மை கசியும். இரண்டு பாகத்தின் விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டப்பாவில் போட்டிருப்பதை மட்டும் நம்புங்கள். நம் ஊர் வெப்பத்தில் ரெசின் சீக்கிரம் இறுகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ரெசின் போட்ட டைல்ஸை டம்ளர் வைக்கும் தட்டாகப் பயன்படுத்த ஆசை வரும். சூடான காபி டவரா வைத்தால் வட்டம் பதியும், மோர் டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பிடும் தட்டு, குடிக்கும் கண்ணாடிக்குவளை எதிலும் உணவோ உதடோ படும் இடத்தில் இந்த மை கூடாது.

சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் கவரில் நேராகப் போடாதீர்கள். பரண் மே மாதத்தில் கொதிக்கும், பூச்சும் கவரும் ஒட்டிக்கொள்ளும். இலைகளுக்கு நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அட்டைப்பெட்டியில் படுக்கை வசமாக அடுக்குங்கள். மிச்சமான மைப் புட்டிகளை மூடி இறுக்கி, பரணில் அல்லாமல், வெயில் படாத கீழ் அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். ஐபிஏ பாட்டிலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் தனியாக வையுங்கள். பார்க்கத் தண்ணீராகத்தான் தெரியும்.